மஞ்சள் நட்சத்திரக் கதையும் டென்மார்க் கொடுத்த விலையும்

நம் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் பிரசங்க உவமைகளுள் ஒன்று டென்மார்க் நாட்டு அரசர் பத்தாம் கிறிஸ்டியனைப் பற்றியது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியர், யூதர் யாவரும் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டுமென்று ஆணையிட்டனராம். மறுநாட்காலை அரசர் வழக்கம்போல் குதிரைமீதேறிக் கோபன்ஹேகன் நகரத் தெருக்களில் வந்தபோது, அவருடைய மார்பிலும் அதே நட்சத்திரம் காணப்பட்டதாம். அதைக் கண்ட குடிமக்கள் எல்லாரும் நட்சத்திரம் அணிந்துகொள்ள, யூதர் யார், யூதரல்லாதார் யார் என்று பகுத்தறிய இயலாமல் பகைவர் நாணிப் பின்வாங்கினராம். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் கூறும் ஆண்டவரின் தாழ்மைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பதரிது என்று எண்ணி, நாமும் கிறிஸ்து பிறப்புக் காலப் பிரசங்கங்களில் பலமுறை இதை எடுத்தாண்டிருக்கிறோம்.

ஆனால் இந்நிகழ்ச்சி நடைபெறவில்லை. டென்மார்க்கில் மஞ்சள் நட்சத்திர ஆணை ஒருபோதும் பிறப்பிக்கப்படவில்லை. ஆகவே அரசர் அதை அணியவும் இல்லை. அவர் காவலரின்றி நாள்தோறும் குதிரைமீது நகரை வலம் வந்தது உண்மை. அப்படியோர் ஆணை வருமாயின் நாம் எல்லாரும் அதை அணிவதே தகும் என்ற கருத்தை 1941ஆம் ஆண்டில் அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததும் உண்மை. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுச் செய்தித்தாளொன்றில் வெளியான கேலிச்சித்திரமும் அதே கருத்தைக் கூறிற்று. 1958ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில நாவலொன்று, நடவாத இச்செயலை நடந்ததாக உலகெங்கும் பரப்பிற்று. கருத்தாயிருந்தது கதையாகி, கதை வரலாறாக மாறிவிட்டது.

உவமைதானே, நல்ல பாடத்தைத் தருகிறதே, இதை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்பாருண்டு. இதற்கு இரு விடைகள் உள்ளன. உண்மைக்குச் சாட்சி பகர அழைக்கப்பட்டவர்கள் உண்மையல்லாததைத் துணையாகக் கொள்ளலாகாது என்பது முதலாவது. இக்கதை அதைவிடப் பெரிய உண்மையொன்றை மறைத்துவிடுகிறது என்பது இரண்டாவது. ஏனைய ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பிறப்பிக்கப்பட்ட அந்த ஆணை டென்மார்க்கில் ஏன் பிறப்பிக்கப்படவில்லை? அரசர் ஒருவரின் ஒருநாட் செயல் அதற்குக் காரணமன்று. ஒரு சிறிய நாடு தன் வலிய அயல்நாட்டோடு மூன்றாண்டுக் காலம் நடத்திய கடினமான, சிலவேளை வெட்கத்துக்குரிய பேச்சுவார்த்தையே காரணம். அதனால் காக்கப்பட்டவர் யாவர், அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவர் யாவர் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டென்மார்க் நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கையும் புளுட்சோவையும் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர் அந்நாட்டு அரசர் நான்காம் ஃபிரெடரிக். நம் இறையியல் மாணவர் பெறும் செராம்பூர்ப் பட்டங்களுக்கு அடிப்படையான சாசனத்தை 1827ஆம் ஆண்டில் வழங்கியவரும் அந்நாட்டு அரசரே. அத்தகைய நாட்டின் சோதனைக் காலத்தை நாம் ஓரளவேனும் அறிந்திருத்தல் தகும்.

1. சிறிய நாடும் வலிய அயலானும்

1864ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோல்வியுற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை டென்மார்க் இழந்தது. தெற்கேயுள்ள வல்லரசை ஆயுதத்தால் எதிர்த்து நிற்க இயலாது என்னும் எண்ணம் அன்று முதல் அந்நாட்டு அரசியலில் வேரூன்றிற்று. முதல் உலகப் போரில் நடுநிலை வகித்த டென்மார்க், 1920ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக வட ஷ்லெஸ்விக்கைத் திரும்பப் பெற்றது. போரினால் இழந்ததைப் பொறுமையினால் பெற்றோம் என்பது அவர்களுடைய அனுபவம்.

1939ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், ஜெர்மனியோடு ஆக்கிரமிப்பின்மை உடன்படிக்கையில் டென்மார்க் கையொப்பமிட்டது. அதே உடன்படிக்கையை நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளுக்கும் ஜெர்மனி அளிக்க முன்வந்தது; அவை மறுத்துவிட்டன. ஜெர்மனியோடு நில எல்லையுள்ள டென்மார்க்குக்கு மறுக்கும் துணிவு இல்லை. பதினொரு மாதங்கூட நிறைவேறுமுன் அவ்வுடன்படிக்கை வெறுந்தாளாயிற்று. நார்வேயைத் தாக்குவதற்கு வட யூட்லாந்திலுள்ள விமானத் தளங்கள் ஜெர்மனிக்குத் தேவைப்பட்டன. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் விடியுமுன் ஜெர்மன் படைகள் எல்லையைக் கடந்தன. அதே வேளையில் கோபன்ஹேகன் துறைமுகத்திலும் இறங்கின. தலைநகரின்மீது குண்டுவீச்சு விமானங்கள் வட்டமிட்டன. அப்போது டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 38 இலட்சமே. சில மணி நேரத்திற்குள், எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே, அரசரும் பிரதமர் ஸ்டவ்னிங்கும் பணிந்தனர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். போலந்து அழிக்கப்பட்டது, நார்வே போரிட்டது, அதன் அரசர் இலண்டனுக்குச் சென்றார். டென்மார்க்கின் அரசரும் அமைச்சரவையும் பாராளுமன்றமும் நீதிமன்றங்களும் காவல்துறையும் இருந்த இடத்திலேயே இருந்தன. டென்மார்க்கின் எல்லையிலும் அரசியல் விடுதலையிலும் தலையிடுவதில்லை என்று ஜெர்மனி எழுத்தில் வாக்களித்தது. அந்த வாக்குறுதி பொய் என்பதை டென்மார்க்கின் தலைவர்கள் அறியாதவரல்லர். ஆயினும் பகைவன் கொடுத்த பொய் வாக்கையே கைப்பிடியாகக் கொண்டு, ஒவ்வொரு கோரிக்கையின்போதும் அதை நினைவூட்டிப் பேசுவதென்று தீர்மானித்தனர். இரு நாடுகளுக்குமிடையேயான அலுவல்கள் இராணுவத்தின் வழியாக அன்றி வெளியுறவு அமைச்சகங்களின் வழியாகவே நடைபெற்றன. கைப்பற்றப்பட்ட நாடொன்று தன்னைக் கைப்பற்றிய நாட்டோடு தூதர்கள் வழியாக உறவாடியது அப்போரில் வியத்தகு புதுமையாகும்.

2. பேச்சுவார்த்தைக் கொள்கை

இக்கொள்கையின் தலைமைச் சிற்பி எரிக் ஸ்கவேனியஸ். முதல் உலகப் போர்க் காலத்திலும் வெளியுறவு அமைச்சராயிருந்த இவர், 1940ஆம் ஆண்டு ஜூலையில் அதே பொறுப்பை மீண்டும் ஏற்றார். 1942ஆம் ஆண்டு நவம்பரில் பிரதமருமானார். நாசிக் கொள்கையில் இவருக்குப் பற்றில்லை. ஆனால் கேட்கப்படுமுன் கொடுப்பது, வற்புறுத்தப்பட்டுக் கொடுப்பதைவிடக் குறைந்த இழப்பைத் தரும் என்று நம்பினார். மக்களின் வெறுப்பைத் தாங்கிக்கொண்டு இக்கருத்தில் உறுதியாய் நின்றார்.

கொடுக்கப்பட்டவை பல. டென்மார்க்கின் வெண்ணெயும் இறைச்சியும் ஜெர்மனிக்குச் சென்றன. செய்தித்தாள்கள் கட்டுப்படுத்தப்பட்டன. 1941ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடற்படையின் டார்ப்பீடோப் படகுகள் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், ஜெர்மனி தலைமை தாங்கிய பொதுவுடைமை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் ஸ்கவேனியஸ் பெர்லினில் கையொப்பமிட்டார். கோபன்ஹேகன் மாணவர்கள் தெருவிலிறங்கிக் கண்டித்தனர். இதனால் எவ்வித இராணுவக் கடமையும் ஏற்படாது என்பன போன்ற நிபந்தனைகளை டென்மார்க் முன்வைத்திருந்தது. ஆனால் அவை உலகத்துக்கு அறிவிக்கப்படவில்லை. கையொப்பத்தை உலகம் கண்டது, நிபந்தனைகளைக் காணவில்லை.

கொடுக்க மறுக்கப்பட்டவையும் உண்டு. நாசிக் கட்சியினருக்கு அமைச்சரவையில் இடமளிக்க டென்மார்க் இணங்கவில்லை. மரண தண்டனையைப் புகுத்த இணங்கவில்லை. யூதரைக் குறித்த தனிச் சட்டம் எதற்கும் இணங்கவில்லை. எங்கள் நாட்டில் யூதப் பிரச்சினை என ஒன்றில்லை என்பதே எப்போதும் அவர்கள் தந்த விடை. யூதரும் டென்மார்க்கின் குடிமக்களே. அவர்களைத் தொடுவது அரசியலமைப்பைத் தொடுவதாகும். அப்படியானால் ஒத்துழைப்பு முடிவுறும் என்பதை ஜெர்மானியர் உணருமாறு செய்தனர். உணவும் அமைதியும் தேவைப்பட்ட ஜெர்மனி அந்த எல்லையை மூன்றாண்டுகள் கடக்கவில்லை. மஞ்சள் நட்சத்திர ஆணை டென்மார்க்கில் பிறவாமற்போனதன் இரகசியம் இதுவே.

1943ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், அந்நிய ஆதிக்கத்தின்கீழேயே பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. வாக்காளரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தனர். டென்மார்க் நாசிக் கட்சி பெற்றது சுமார் 2 விழுக்காடே. பணிந்த நாட்டின் மக்கள் மனத்தளவில் பணியவில்லை என்பதற்கு இது சான்று.

3. விலையாகக் கொடுக்கப்பட்டவர்கள்

இம்மட்டோடு நிறுத்திக்கொண்டால் மற்றுமோர் இனிய கதையைப் புனைந்தவராவோம். இப்பேச்சுவார்த்தைக்குக் கொடுக்கப்பட்ட விலை வெண்ணெயும் படகுகளும் மட்டுமன்று; மனிதரும் கொடுக்கப்பட்டனர்.

1941ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தது. அன்றே பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களைக் கைது செய்யுமாறு டென்மார்க்கைக் கேட்டது. டென்மார்க்கின் காவல்துறை கேட்கப்பட்ட எண்ணிக்கைக்கும் மிகுதியாகவே கைது செய்தது. பாராளுமன்ற உறுப்பினருக்கு அரசியலமைப்பு அளித்த பாதுகாப்பும் மதிக்கப்படவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின்னர், ஆகஸ்டு 22ஆம் நாள், அக்கட்சியைத் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் எதிர்ப்பின்றி நிறைவேற்றிற்று. எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டியவர்கள் அவையில் இல்லை. முன்னர்ச் செய்த செயலுக்குப் பின்னர்ச் சட்டம் தேடிய முறை அது. கைது செய்யப்பட்டவர்கள் ஹோர்செரோட் முகாமில் அடைக்கப்பட்டனர். நம் நாட்டுக் காவலில் இருப்பதால் ஜெர்மானியர் கையில் சிக்கமாட்டார்கள் என்று ஆறுதல் கூறப்பட்டது. 1943ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மானியர் அம்முகாமைக் கைப்பற்றினர். சுமார் 150 பேர் ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிறைப்பட்ட யூதரை அக்டோபர் 2ஆம் நாள் ஏற்றிச்சென்ற அதே கப்பலில் இவர்களும் ஏற்றப்பட்டனர்.

இரண்டாவது கூட்டத்தார் அகதிகள். ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதருக்கு 1930களின் பிற்பகுதியில் டென்மார்க் தன் வாயிலைக் குறுக்கிக்கொண்டது. எல்லையிலேயே திருப்பியனுப்பப்பட்டவர்கள் உண்டு. ஆதிக்கக் காலத்தில், குடியுரிமையற்ற யூதர் 21 பேரை டென்மார்க்கின் அதிகாரிகளே ஜெர்மனியிடம் ஒப்படைத்தனர். அவர்களில் பெரும்பாலோர் வதைமுகாம்களில் மாண்டனர். குடிமக்களான யூதரைக் காத்த அதே அரசு, குடியுரிமையற்ற யூதரைக் கைவிட்டது. 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், விடுதலையின் அறுபதாம் ஆண்டு நினைவின்போது, பிரதமர் ராஸ்முசன் இச்செயலுக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அதற்கு முன்னர், 2003ஆம் ஆண்டில், ஒத்துழைப்புக் கொள்கை முழுவதையுமே அறநெறிக்கு மாறானதென்று அவர் கண்டித்திருந்தார். வரலாற்றாசிரியர் பலர் அத்தீர்ப்பு மிகைப்பட்டதென்று மறுத்தனர். அக்கொள்கை பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்று சுட்டிக்காட்டினர். ஆனால் அந்த 21 பேரைக் குறித்து அவ்வாறு கூற எவராலும் இயலாது.

4. எல்லைக் கோடு

1943ஆம் ஆண்டில் ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மனி தோற்றது. ஜூலையில் முசோலினி வீழ்ந்தார். டென்மார்க்கின் தொழிலாளர் துணிவு கொண்டனர். ஆகஸ்டில் எஸ்ப்யர்க், ஓடன்ஸ, ஓல்போர் முதலிய நகரங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. தொழிற்சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் நாசவேலைகள் பெருகின. ஆகஸ்டு 28ஆம் நாள் ஜெர்மனி இறுதி எச்சரிக்கை விடுத்தது. அவசர நிலையை அறிவிக்க வேண்டும். வேலைநிறுத்தத்தையும் கூட்டங்களையும் தடை செய்ய வேண்டும். நாசவேலை செய்வோருக்கு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள்.

தன் குடிமக்களைத் தானே கொல்லும்படி கேட்கப்பட்டபோது, மூன்றாண்டுகள் வளைந்த அரசு வளைய மறுத்தது. அமைச்சரவை பதவி விலகல் கடிதங்களை அரசரிடம் அளித்தது. ஆகஸ்டு 29ஆம் நாள் ஜெர்மன் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. கடற்படையினர் தங்கள் கப்பல்கள் பகைவர் கையில் சேராதபடி அவற்றைத் துறைமுகத்திலேயே மூழ்கடித்தனர். அதன்பின் டென்மார்க்கில் அரசியல் தலைமை இல்லை; துறைச் செயலாளர்களே நாட்டை நிர்வகித்தனர்.

தடுப்புச்சுவர் வீழ்ந்தவுடன், செப்டம்பர் 8ஆம் நாள், ஜெர்மன் அரசின் பேராளர் வெர்னர் பெஸ்ட் யூதரைச் சிறைப்பிடிக்கும் ஆலோசனையைப் பெர்லினுக்கு அனுப்பினார். இதை அறிந்த ஜெர்மன் தூதரக அலுவலர் டுக்விட்ஸ், தம் உயிருக்கும் அஞ்சாமல், செப்டம்பர் 28ஆம் நாள் டென்மார்க்கின் சமூக ஜனநாயகத் தலைவர்களிடம் செய்தியை வெளியிட்டார். மறுநாள் யூத ஜெப ஆலயத்தில் ரபி மார்க்குஸ் மெல்கியோர் தம் மக்களை எச்சரித்தார். அக்டோபர் முதல் நாள் இரவு, யூதப் புத்தாண்டுப் பண்டிகையின்போது, வேட்டை நடந்தது. வீடுகளில் பெரும்பாலும் ஆளில்லை. ஆசிரியரும் மருத்துவரும் போதகரும் மீனவரும் அவர்களை மறைத்து, இரவில் படகேற்றி, கடற்காலைக் கடந்து சுவீடனில் சேர்த்தனர். யூதர் ஏறத்தாழ 7,200 பேரும் அவர்களுடைய யூதரல்லாத உறவினர் 700 பேரும் தப்பினர். படகுக்காரர் சிலர் மிகுந்த கூலி கேட்டதும் உண்டு. கில்லெலேய என்னும் மீனவ ஊரின் ஆலயத்து மேற்பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் பிடிபட்டதும் உண்டு. எல்லாரும் வீரரல்லர், எல்லா முயற்சியும் வெற்றியன்று. ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் தன் அயலானைக் காக்கத் துணிந்தது.

அவ்விரு நாட்களில் நிகழ்ந்த மற்றொன்றையும் இங்கே கூறுதல் கடமையாகும். யூதரை நாடுகடத்துவதைத் தவிர்க்கும் பொருட்டு, நாங்களே அவர்களை எங்கள் நாட்டு முகாமில் காவலில் வைக்கிறோம் என்று ஜெர்மானியருக்கு முன்மொழியத் துறைச் செயலாளர்கள் முற்பட்டனர். அவர்களுடைய எண்ணம் தீயதன்று. பெருந்தீங்குக்குப் பதில் சிறுதீங்கு என்றே கருதினர். ஜெர்மானியர் அதைப் பொருட்படுத்தாதபடியால் அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் ஹோர்செரோட் முகாமின் கதையே யூதருக்கும் நேர்ந்திருக்கும். விட்டுக்கொடுத்துப் பழகிய கை, தான் காக்க நினைப்பவரையே கட்டத் துணியும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டுவதில்லை.

பிடிபட்டு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்ட சுமார் 470 பேரையும் டென்மார்க்கின் அதிகாரிகள் மறக்கவில்லை. இடைவிடாது விசாரித்தனர், உணவுப் பொதிகள் அனுப்பினர், 1944ஆம் ஆண்டு ஜூனில் நேரிலும் சென்றனர். அவர்கள் கண்டது ஜெர்மானியர் அலங்கரித்து வைத்த போலிக் காட்சியே. எனினும் அவர்களைக் கேட்பாருண்டு என்பது தெரிந்திருந்தமையால், டென்மார்க்கிலிருந்து சென்றவர்கள் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்படவில்லை. சுமார் 50 பேர் அங்கே மாண்டனர். மற்றவர்கள் 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் மீட்கப்பட்டனர். பேச்சுவார்த்தையின் நன்மையையும் இவ்வாறு நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. திருச்சபையின் இரு குரல்கள்

டென்மார்க்கின் திருச்சபை லுத்தரன் மரபைச் சார்ந்தது; அரசோடு இணைந்தது. ஆதிக்கத்தின் முதலாண்டில் அதன் குரலைப் பரவலாக எழுப்பியவர் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர் ஹால் கோக். 1940ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் குருண்ட்விக் என்னும் இறையியலாரைப் பற்றி இவர் ஆற்றிய விரிவுரைகளுக்கு மக்கள் திரண்டு வந்தனர். இளைஞர் இயக்கங்களை ஒன்றிணைக்கும் அமைப்புக்கும் இவர் தலைவரானார். வெறும் நாட்டுப்பற்றுப் பாடல் போதாது, அரசியல் பொறுப்பை இளைஞர் கற்க வேண்டும் என்றார். பேச்சுவார்த்தைக் கொள்கையை ஆதரித்தார். ஜனநாயகம் என்பது உரையாடலே. அதை வன்முறையிடம் இழந்தால் பகைவன் போனபின்பும் பகைவனின் மனப்பான்மை நம்மிடம் தங்கிவிடும் என்பது இவருடைய அச்சம்.

மற்றொரு குரல் மேற்கு யூட்லாந்தில் வேடெர்சோ என்னும் சிற்றூரின் போதகரும் நாடக ஆசிரியருமான கை முங்க் உடையது. வலிய தலைவர்களை ஒருகாலத்தில் வியந்தவர் இவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பின்னர் மனந்திரும்பி, உண்மையைக் கூறாத எச்சரிக்கையே சபையின் பாவம் என்று முழங்கினார். 1944ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் இரவு வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுச் சில்கபோர் நகரத்துக்கருகே சாலையோரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்விரு குரல்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்த நாளும் உண்டு. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஞாயிறு, கோபன்ஹேகன் பேராயர் ஃபூக்ல்சாங்-டாம்கார் எல்லாப் பேராயர்களின் சார்பிலும் எழுதிய மடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. யூதர் துன்புறுத்தப்படும் இடத்தில் எதிர்ப்பது திருச்சபையின் கடமை என்றது அம்மடல். ஆண்டவர் பெத்லகேமில் பிறந்தது இஸ்ரவேலுக்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தத்தின்படியே. துன்புறுத்தல் பிறரன்புக் கட்டளைக்கு மாறானது. டென்மார்க் மக்களின் நீதியுணர்வுக்கும் மாறானது எனக் காரணங்களை முறையாக விளக்கிற்று. மனிதருக்குக் கீழ்ப்படிவதா, தேவனுக்குக் கீழ்ப்படிவதா என்ற அப்போஸ்தலர் 5:29இன் முடிவோடு அது நிறைவுற்றது. போதகர் பலர் அதை நடுக்கத்தோடு வாசித்தனர்; சபையார் எழுந்து நின்று கேட்ட இடங்களும் உண்டு.

6. எரேமியாவும் காய்பாவும்

இவ்வரலாற்றைத் திருமறையின் ஒளியில் நோக்குவோம். பாபிலோனுக்குப் பணிவதா, எகிப்தை நம்பிப் போரிடுவதா என்பது யூதாவின் அரசன் சிதேக்கியாவின் முன்னின்ற கேள்வி. எரேமியா தீர்க்கதரிசி நுகத்தைத் தன் கழுத்தில் பூட்டிக்கொண்டு, பாபிலோனுக்குப் பணியுங்கள் என்றார் (எரேமியா 27). மக்கள் அவரைத் துரோகி என்றனர். ஆகவே வலியவனுக்கு முன் வளைவதையே பாவமென்று கூறத் திருமறை நமக்கு இடந்தரவில்லை. நிலத்தையும் செல்வத்தையும் மதிப்பையும் இழந்தேனும் உயிர்களைக் காக்கலாம்.

ஆனால் அதே தீர்க்கதரிசி, அதே முற்றுகையின்போது, வேறொரு காரியத்தில் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. பாபிலோன் நெருங்கியபோது, எபிரேய அடிமைகளை விடுதலை செய்வதாக எருசலேமின் பெரியோர் உடன்படிக்கை செய்தனர். எகிப்தின் படை வருவதைக் கேட்டுப் பாபிலோனியர் சற்றே விலகியதும், விடுதலையானவர்களை மீண்டும் அடிமைகளாக்கினர் (34:8-22). பாபிலோனுக்குப் பணியச் சொன்ன எரேமியா, இதற்காகவே நகர் அழியும் என்று தீர்ப்புரைத்தார். தன்னுடையதைக் கொடுத்துத் தப்புவதை அவர் அனுமதித்தார். எளியவரைக் கொடுத்துத் தப்புவதைக் கர்த்தர் அனுமதியார் என்றார்.

புதிய ஏற்பாட்டிலும் சிறிய நாட்டின் அரசியல் ஆலோசனை ஒன்றுண்டு. ரோமர் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழிப்பார்கள் என்று ஆலோசனைச் சங்கத்தார் அஞ்சினர். ஜனம் முழுவதும் கெடாதபடி ஒருவன் சாவது நலம் என்று பிரதான ஆசாரியன் காய்பா கணக்கிட்டான் (யோவான் 11:48-50). அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் கணக்கில் விலையாக வைக்கப்பட்டவர் யாரென்று நாம் அறிவோம். ஆண்டவர் தம்மையே கொடுத்து மக்களை மீட்டார். காய்பா பிறரைக் கொடுத்து மக்களைக் காக்க நினைத்தான். சிலுவைக்கும் காய்பாவின் தந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

டென்மார்க்கின் ஐந்தாண்டுகளை இந்த அளவுகோலால் அளப்போமாக. படகுகளையும் வெண்ணெயையும் தன் புகழையும் கொடுத்தபோது அது எரேமியாவின் வழியில் நின்றது. யூதச் சட்டத்துக்கும் மரண தண்டனைக்கும் மறுத்தபோது தன் எல்லையை அறிந்திருந்தது. பொதுவுடைமையரையும் நாடற்ற 21 பேரையும் கொடுத்தபோது காய்பாவின் வழியில் சென்றது. ஒரே அரசு, ஒரே காலம், பெரும்பாலும் அதே மனிதர். இரு வழிகளிலும் நடந்தனர்.

7. நமக்கு

வல்லவரோடு பேச வேண்டிய நிலை அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. சபைகளும் நிறுவனங்களும் ஆட்சியாளரோடும் பணம் படைத்தவரோடும் ஊரின் ஆதிக்கச் சாதியினரோடும் நாள்தோறும் பேசி இணங்கி வாழ்கின்றன. போதகர் ஒவ்வொருவரும் ஏதோ ஒருவகையில் பேச்சுவார்த்தை நடத்துகிறவரே. பள்ளியைக் காக்க வேண்டும், ஆலயக் கட்டடம் எழும்ப வேண்டும், சபை பிளவுபடாதிருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கங்களுக்காக நாம் வளைகிறோம். வளையட்டும். ஆனால் அவ்வேளைகளில் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

முதலாவது, நாம் கொடுப்பது நம்முடையதா, பிறருடையதா? இரண்டாவது, விலை கொடுக்கிறவர் அவையில் இருக்கிறாரா, அல்லது 1941ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில்போல் முன்னரே வெளியேற்றப்பட்டாரா? எல்லாரும் ஒருமனமாய்த் தீர்மானித்தோம் என்று நாம் மகிழும்போது, இல்லாத நாற்காலிகளை எண்ணிப் பார்த்தல் நலம். மூன்றாவது, இதற்குமேல் இல்லை என்ற எல்லைக் கோட்டை முன்னரே வரைந்துவைத்திருக்கிறோமா? சோதனை வந்தபின் வரையப்படும் கோடு சோதனையோடு நகர்ந்துகொண்டே போகும்.

அடுத்த கிறிஸ்து பிறப்புப் பண்டிகையில் மஞ்சள் நட்சத்திரக் கதையை நாம் கூறப்போவதில்லை. நட்சத்திரம் அணிந்த அரசருக்குப் பதிலாக, நடுங்கும் கையில் பேராயரின் மடலைப் பிடித்து வாசித்த, பெயர் தெரியாத கிராமப் போதகரைப் பற்றிக் கூறலாம். மறவாமல் அந்த 21 பேரைப் பற்றியும் கூற வேண்டும். முன்னதைக் கேட்டுச் சபையார் மகிழ்வர். பின்னதைக் கேட்டு மௌனமாவர். அம்மௌனத்திலும் ஆண்டவர் பேசுவார்.